நாலாவது லேத்

"பெயிண்ட் புதுசா இருக்கு பார்த்தியா மாப்ளே? உள்ள ஏதோ உளுத்துக் கிடக்கு, அதான் வெளிய பூசி வச்சிருக்காங்க."

ஷெட்டுக்குள் ஒரு காலை மட்டும் வைத்த நிலையிலேயே தீர்ப்பைச் சொல்லிவிட்டார் மைக்ரான்.

"தொட்டுப் பார்த்துட்டுச் சொல்லுங்க அத்தான்," என்றான் மச்சினன்.

மைக்ரான் என்பது பட்டறைக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் வருகிற ஒரு பங்குதான் மைக்ரான். அந்த அளவு பிசகு எங்கே இருந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. வேலை செய்கிறவனின் சம்பளத்தைப் பார்க்கும்போது மட்டும் அதே கண் கொஞ்சம் மங்கிவிடும்.

மச்சினன் பதினோரு வருடமாக அவர் பட்டறையில் லேத்தில் இரும்பு கடையும் டர்னர். வேலையில் புலி. அக்கா வீட்டுக்காரராயிற்றே என்று ஞாயிற்றுக்கிழமையும் வந்து நிற்கிற புலி. அவனுக்கு இப்போது சொந்தமாகப் பட்டறை வைக்கும் ஆசை வந்திருந்தது. நல்ல பழைய லேத் ஒன்று அமைந்தால் போதும், கிளம்பிவிடுவான். அவன் போய்விட்டால் தன் பட்டறை படுத்துவிடும் என்று மைக்ரானுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான், "நான் பார்க்காம எதையும் வாங்கிடாதே" என்று பெரிய மனதோடு சொல்லி வைத்திருந்தார்.

இதுவரை மூன்று லேத்துகளைப் பார்த்தாகிவிட்டது. முதலாவதற்கு மோட்டார் சரியில்லை. இரண்டாவது தேய்மானம். மூன்றாவதில் எவ்வளவு தடவியும் குறை கிடைக்காமல் போக, "குறையே இல்லாத மெஷினை எவன் விப்பான்? எங்கேயோ உதைக்குதே!" என்று சொல்லி அதையும் கழித்துக்கட்டினார்.

இது நாலாவது. பக்கத்தில் எண்ணெய்க் கறைச் சட்டையோடு ஒருவர் கைகட்டி நின்றார். விற்கிறவன் என்று பார்த்ததுமே தெரிந்துகொண்டார் மைக்ரான். முகத்தில் அவ்வளவு பணிவு.

"என்னய்யா, இதை லேத்துன்னு சொல்லி நிக்க வச்சிருக்கே?"

"நீங்க பார்த்துச் சொன்னா சரிதான் சார்."

மச்சினன் சுவிட்சைப் போட்டான். மோட்டார் சத்தமே இல்லாமல் ஓடியது. மைக்ரான் காதை இன்னும் கிட்டே கொண்டுபோனார். இரண்டாவது வேகத்திலும் அப்படியே ஓடியது. மூன்றாவது வேகத்துக்கு மாற்றியதும் உள்ளேயிருந்து டக், டக் என்று ஒரு சத்தம். போன உயிர் அவருக்குத் திரும்பி வந்தது.

"கேட்டியா? கியர்ல ஒரு பல் போயிருக்கு!"

"எந்தக் கியர்னு சொல்ல முடியுங்களா சார்?" என்று சட்டைக்காரர் பவ்யமாக ஒரு சாக்பீஸை நீட்டினார்.

"சொல்ல முடியுமாவா? யாரைப் பார்த்துக் கேக்கறே?" மைக்ரான் மூடியைத் திறந்து டார்ச் அடித்து, பல் போன கியரின் மேல் பெருக்கல் குறி போட்டார்.

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. லேத்தின் பிடியான சக்கில் ஒரு கம்பியை மாட்டி, அசைவை அளக்கும் டயல் கேஜை வைத்து, கம்பியை மேலே நெம்பினார். முள் துள்ளியது. "முன் பேரிங் காலி." ஒரு பெருக்கல் குறி. கைப்பிடியைச் சுற்றினார். கால் சுற்று சுற்றிய பிறகுதான் ஸ்லைடு நகர்ந்தது. "நட்டு தேஞ்சிருக்கு." இன்னொன்று. முட்டி போட்டார், குனிந்தார், கடைசியில் வெள்ளைச் சட்டையோடு தரையில் மல்லாந்து படுத்து அடியிலும் ஒரு குறி போட்டார். எண்ணெய் எங்கே கசிகிறது என்று விரலால் தொட்டுக் காட்டினார். மச்சினன் ஒன்று விடாமல் நோட்டில் எழுதிக்கொண்டான். பையனுக்கு இப்போதாவது புத்தி வந்ததே என்று அவருக்கு மனம் குளிர்ந்தது.

"மொத்தம் பதினாலு குறை மாப்ளே. எடை போட்டுப் பழைய இரும்பு விலை கொடுக்கலாம். அதுக்கு மேல கொடுத்தா உன்னை மாதிரி ஏமாளி கிடையாது."

"பதினாலையும் சரி பண்ணிட்டா அத்தான்?"

"சரி பண்ணிட்டா ராஜா மாதிரி ஓடும். யாரு இல்லேன்னா? ஆனா இதையெல்லாம் கண்டுபிடிக்கவே ஒரு மெக்கானிக் பத்து நாள் இழுப்பான். என்னை மாதிரி ஆளு அவனுக்கு எங்க கிடைப்பான்?"

"அது வாஸ்தவம்தான் சார்," என்றார் சட்டைக்காரர்.

மைக்ரான் எழுந்து முதுகைத் தட்டிக்கொண்டார். "சரி, வா போலாம். காலையில எட்டு மணிக்கு வந்துடு, அவசர வேலை ரெண்டு நிக்குது."

மச்சினன் நோட்டைச் சட்டைக்காரரிடம் கொடுத்தான். "எல்லாம் குறிச்சாச்சுண்ணே. எப்ப முடியும்?"

"தேடற வேலை மிச்சமாயிடுச்சே தம்பி. ஒரு வாரம் போதும்," என்று அவர் ஸ்பேனரை எடுத்தார்.

மைக்ரான் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "விக்கிறவன் எதுக்குடா ரிப்பேர் பண்றான்?"

"அவர் மெக்கானிக் அத்தான். நீங்க சொன்ன அதே இரும்பு விலைக்கு இதைப் போன வாரமே வாங்கிட்டேன். 'வாங்கிட்டேன்னு சொன்னா பார்க்க மாட்டாரு, வாங்கப் போறேன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போ, ஒரு குறை விடாம எடுத்துக் கொடுப்பாரு'ன்னு அக்காதான் சொல்லி அனுப்புனா."