ஆறாவது பாட்டு

கதவை உதைத்துத் திறந்துகொண்டு வந்த லூசியன், அடுப்படியில் நின்ற வெர்லீனின் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு அழுத்தினான்.

வெர்லீன் நியூ ஆர்லியன்ஸில் பெயர்பெற்ற ஜாஸ் பாடகி. லூசியன் அவள் அக்கா ஓடெட்டின் புருஷன். மூன்று வருஷத்துக்கு முன்பு ஓடெட் எவனோடோ ஹூஸ்டனுக்கு ஓடிப்போனதாக அவன் சொன்னதை எல்லோரும் நம்பியிருந்தார்கள்.

"உன் புது ஆல்பத்தைக் கேட்டேன்டி. அந்த ஆறாவது பாட்டு... உனக்கு யாரு சொன்னது?"

"என்ன... சொல்றே?"

"நடிக்காதே! கட்டினவனே கொன்னு மரத்தடியில புதைச்சான்னு ஊரறியப் பாடியிருக்கே. அத்திமரத்தடியில நான் தோண்டினதை எவன் பார்த்தான்? பேரைச் சொல்லு!"

வெர்லீனுக்குக் கண் இருண்டது. துழாவிய கையில் பீன்ஸ் கொதித்துக்கொண்டிருந்த சட்டியின் பிடி அகப்பட்டது. அப்படியே அவன் முகத்தில் கவிழ்த்தாள்.

லூசியன் அலறிக்கொண்டு விழுந்தான். பின்பக்க அறையிலிருந்து ஓடிவந்த, அவள் இசைக்குழுவின் டிரம்மர் ஆமோஸ், அவன் முதுகில் முழங்காலை ஊன்றிக் கைகளை முறுக்கிப் பிடித்தான்.

"எவன்டி பார்த்தான்?" தரையில் கிடந்தபடியே லூசியன் கத்தினான்.

"யாரும் பார்க்கலடா" என்றாள் வெர்லீன். அவள் குரல் கரகரத்தது. "ஆல்பத்துல பாதி பழைய பாட்டுங்க. மெட்டை மட்டும்தான் மாத்தினேன். ஆறாவது எங்க தாத்தா காலத்துப் பாட்டு. அதுல ஒரு வார்த்தைகூட என்னுது இல்ல."

அவள் சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள்.

"நான் எழுதினது ஏழாவது. ஹூஸ்டன்ல எங்கயாவது அக்கா காதுல விழும், வீட்டுக்கு வந்துடுவான்னு எழுதினேன்."