முதல் கையெழுத்து

"நான் போட மாட்டேன் சார்."

லூர்தம்மாள் பேனாவைத் திருப்பி நீட்டினாள். செந்தமிழனுக்குச் சுள்ளென்று ஏறியது.

காலையிலிருந்து நூற்றுப் பத்துப் பேர் மறுபேச்சில்லாமல் போட்டிருக்கிறார்கள். கேன்டீனில் போட்டார்கள், லைனில் நின்றபடியே போட்டார்கள், ஷிப்ட் பஸ் டிரைவர்கூட ஸ்டியரிங் மேல் வைத்துக் கிறுக்கிக் கொடுத்தான். கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி அம்மாவுக்கு மட்டும் என்ன வந்தது?

"மனு எதுக்குன்னாவது தெரியுமா உனக்கு?"

"தெரியும் சார். அரசாங்க ரேடியோவுக்கு இனிமே காசு இல்லன்னுட்டாங்க. காலைல வர்ற நம்ம நிகழ்ச்சிய நிறுத்தப் போறாங்க."

"நிறுத்திட்டு டில்லியிலேர்ந்து வர்றத அப்படியே எடுத்து விடப் போறாங்களாம். கேட்டா நிதி இல்லையாம். கண்டதுக்கெல்லாம் கொட்டிக் குடுக்க நிதி இருக்கு, தமிழ்ல நாலு வார்த்தை பேசறதுக்கு மட்டும் இல்ல. வயிறு எரியுது."

எரியத்தான் செய்தது. அவன் மனைவி இசைவாணி அந்த நிலையத்தில் பதினான்கு வருடமாக அறிவிப்பாளர். நிரந்தர வேலையில்லை, கூப்பிட்ட நாளுக்குத்தான் சம்பளம். "அடுத்த மாசத்துலேர்ந்து வர வேணாம்னுட்டாங்க" என்று நேற்று சாயங்காலம் சொல்லிவிட்டு, அடுப்பில் பால் பொங்குவதுகூடத் தெரியாமல் நின்றாள். அப்போது ஆரம்பித்த கோபம் அவனுக்கு. விடிந்ததும் மனு எழுதிவிட்டான்.

மனுவில் ஒரு சிக்கல். கடைசிக் கட்டத்தில் 'தாங்கள் விரும்பிக் கேட்கும் நிகழ்ச்சி' என்று போட்டிருந்தான். நூற்றுப் பத்துப் பேரும் அதைக் காலியாகவே விட்டிருந்தார்கள். கேட்டால்தானே எழுதுவதற்கு? முதல் வரியில் மட்டும் செந்தமிழன் தன் பெயரைப் போட்டு, கட்டத்தில் 'எல்லா நிகழ்ச்சிகளும்' என்று எழுதியிருந்தான்.

கம்பெனி முழுக்க வலை போட்டுத் தேடினாலும் ரேடியோ கேட்கிற ஜென்மம் ஒன்றே ஒன்று, இந்த லூர்தம்மாள்தான். இப்போதுகூட அவள் கேபின் மேஜையில் சின்னதாய் ஒன்று பாடிக்கொண்டிருந்தது. அவளே போட மாட்டேன் என்றால்?

"இதோ பாடுதே, இது என்ன? கேக்கறதுக்கு இனிக்குது, கையெழுத்துன்னா மட்டும் கை வலிக்குதா?"

"மெதுவா பேசுங்க சார். கன்டெய்னர் வர்ற நேரம்."

"ஓசியிலேயே கேட்டுப் பழகிட்டீங்க. அதான் ரோஷம் வரல. உன்ன மாதிரி ஆளுங்களாலதான் எல்லாம் குட்டிச்சுவராப் போகுது. உங்க ஏஜென்சிக்கு ஒரு போன் போட்டேன்னா தெரியும்."

லூர்தம்மாள் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தாள். பக்கத்து ஊரான பிள்ளைப்பாக்கத்துக்காரி. வேலை போய்விடும் என்றால் வாயை மூடிக்கொள்கிற ரகம் இல்லை.

"போடுங்க சார். அதுக்கு முன்னால ஒண்ணு கேக்கறேன். ஜனவரில ஒருத்தர் பையத் தூக்கிக்கினு வந்தாரே, ஞாபகம் கீதா?"

"எவன்?"

"ரேடியோக்காரரு. மூணு தபா வந்தாரு. நம்ம கம்பெனி விளம்பரத்த இன்னொரு வருசத்துக்குப் புதுப்பிச்சிக் குடுங்க, இந்த மாதிரி நாலு கம்பெனி குடுக்கறத வெச்சித்தான் காலை நிகழ்ச்சி ஓடிக்கினு கீதுன்னாரு. மூணு தபாவும் இன்டர்காம்ல உங்களத்தானே கேட்டேன். இன்னா சொன்னீங்க?"

விளம்பரப் பிரிவு செந்தமிழன் கையில். 'ரேடியோவ எவன் கேக்கறான் இப்ப, திருப்பி அனுப்பு' என்று மூன்று முறையும் அவன்தான் சொன்னான். அந்தப் பணத்தை, பைக்கில் நின்றுகொண்டே ரீல்ஸ் போடுகிற ஒரு பயலுக்குக் கொடுத்ததும் அவன்தான்.

"அது ஆபீஸ் விஷயம். ஆபீஸ் வேற, இது வேற."

"நீங்க சொன்னத நான்தான் சார் அந்த ஆளு மூஞ்சியப் பாத்து சொன்னேன். ஒரு சொம்பு தண்ணி வாங்கிக் குடிச்சிட்டு நடந்தே போனாரு. எனக்குத்தான் அசிங்கமா போச்சு."

மனுவைத் தன் பக்கம் இழுத்து, முதல் வரியில் விரலை வைத்தாள்.

"இந்தப் பேர அடிச்சிட்டுக் குடுங்க. நான் போடறேன். நிகழ்ச்சி பேரு, நேரம், எல்லாம் எழுதறேன். இதுக்குக் கீழ எழுத மாட்டேன்."

"என் பேர அடிக்கணுமா? யார்கிட்ட பேசறன்னு தெரியுதா? என் பொண்டாட்டிக்கு அங்க சோறு போச்சு. எனக்கு இல்லாத அக்கறை உனக்கு வந்துடுச்சா?"

லூர்தம்மாள் அவனையே பார்த்தாள். இவ்வளவு நேரம் முகத்தில் இருந்த கடுப்பு மெல்லக் கரைந்து, அந்த இடத்தில் வேறென்னவோ வந்தது.

"அப்போ மெய்யாலுமே உங்களுக்குத் தெரியாதா சார்?"

"என்ன தெரியாது?"

"நீங்க நிறுத்தினீங்களே அந்த விளம்பரம், அதுல பேசினதே உங்க வூட்டம்மாதான். ரெண்டு வருசமா தெனம் காலைல ஆறே முக்காலுக்கு நம்ம கம்பெனி பேர அவங்க குரல்லதான் சொல்லுவாங்க. ஆயுத பூஜைக்கு நீங்க இட்டாந்தப்போ, கேட்டாண்ட வந்து வணக்கம்னு ஒரு வார்த்தைதான் சொன்னாங்க, நான் கண்டுபிடிச்சிட்டேன். நீங்க ஒரு நாளுகூடக் கேக்கலியா சார்?"