ஹேண்டல் ஐயரின் டோப்பா

காணிக்கைப் பை மூன்றாவது வரிசைக்கு வந்துவிட்டது. ஆர்கன் சார் இன்னும் வாசிக்கத் தொடங்கவில்லை.

பாளையங்கோட்டையில் அந்தக் கோயிலில் இப்படி நடந்ததே இல்லை. பை கிளம்பினால் ஆர்கன் கிளம்பும். ஆர்கன் சாரை வைத்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்பார்கள்.

இன்று பிரதிஷ்டைப் பண்டிகை. வெளியே அசன விருந்துக்கு ஆட்டுக்கறி கொதிக்கிற வாசனை. பாதிச் சபைக்கு மனசு அங்கேதான்.

அவருக்கு மூன்றாவது வரிசையின் ஓரத்தில்.

ஆர்கனுக்கு மேலே ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. ஆராதனை நடத்தும் ஐயர் எப்போது எழுகிறார் என்று பார்த்துக்கொள்ள மாட்டியது. இன்று அதில் ஐயர் தெரியவில்லை. லிடியா தெரிந்தாள்.

யார் திருப்பி வைத்தது என்று கேட்கக் கூடாது.

அறுபது வருஷம் கழித்து வந்திருக்கிறாள். நேற்றுத்தான் இறங்கினாள். அசனம் முடிந்ததும் அண்ணன் மகன் வந்து காரில் ஏற்றிக்கொள்வான். தலைக்கு மை போடுவதில்லை, கல்யாணம் முடிக்கவில்லை, மழை இல்லாவிட்டாலும் கையில் குடை. இவ்வளவும் விளக்கு வைப்பதற்குள் மூன்று தெருவுக்கும் தெரிந்துவிட்டது.

அவள் ஊரைவிட்டுப் போன கதையும் தெரியும். அப்போதைய ஐயரின் மகளாய் இருந்துகொண்டு கோயிலுக்குள்ளேயே ஒரு ஆட்டப் பாட்டு எழுதிப் பாடினாளாம். அப்பா பதினைந்தே நாளில் குன்னூர்ப் பள்ளிக்கூடத்துக்கு டீச்சராக அனுப்பிவிட்டாராம்.

எழுதியது அவள் இல்லை.

அப்போது ஆர்கன் சாருக்கு இருபது வயது. கொழும்பிலிருந்து ரிக்கார்டுகள் வந்த காலம். அந்த ராக் அண்ட் ரோல் பயல்களுக்குப் பழைய சங்கீத மேதைகளைக் கண்டால் வாய் சும்மா இருக்காது. பேர் சொல்லிக் கூப்பிட்டு, ஆட வாரீரா என்பார்கள். பாளையங்கோட்டை மட்டும் இளைத்ததா? இவர், படத்தில் பொய்முடியோடு இருக்கும் ஹேண்டலைக் கூப்பிட்டார்.

ஹேண்டல் ஐயரே, டோப்பாவைக் கழற்றும்!
வேர்க்குது பாரும், ஆணியில் மாட்டும்!

தொடக்கம் அசல் ஹேண்டல். எந்தப் பாட்டுக்குச் சபை முழுக்க எழுந்து நிற்குமோ, அதே அல்லேலூயாப் பாட்டு. நாலாவது அடியில் இடது கை குதிக்கத் தொடங்கும். அப்புறம் ஹேண்டலைத் தேட வேண்டியதுதான்.

ஒரு சனிக்கிழமை. பாடகர் குழுப் பயிற்சி முடிந்து எல்லாரும் போனபின் அவர் வாசித்தார், லிடியா பாடினாள். அவள் அப்பா உள்ளே வந்தார்.

“யாரு எழுதுனது?”

மிஷன் உதவியில் படித்துக்கொண்டிருந்த உபதேசியார் மகன், ஆர்கன் முன்னால் இருந்த அதே பையன், ஜன்னலைப் பார்த்தான்.

“நாந்தான்ப்பா” என்றாள் லிடியா.

ஜன்னலில் பார்க்க ஒன்றும் இருக்கவில்லை.

அதற்கப்புறம் அச்சில் இல்லாத ஒரு சுரத்தைக்கூட அவர் வாசித்ததில்லை. ஊர் அதை ஒழுக்கம் என்றது. ஐம்பதாவது வருஷத்தில் மாலை போட்டு, கேடயமும் கொடுத்தது. அவர் அதை அலமாரிக்குள் சுவரைப் பார்க்க வைத்திருக்கிறார்.

நேற்று வாசலில் பார்த்தபோது அவள் “தோத்திரம்” என்றாள். அவரும் “தோத்திரம்” என்றார்.



பை நான்காவது வரிசைக்குப் போயிற்று. ஐயர் தொண்டையைச் செருமினார்.

ஆர்கன் சார் கட்டைகளில் கையை வைத்தார்.

முதல் அடி. அச்சுப் பிசகாமல் ஹேண்டல்.

பழக்கம் பொல்லாதது. முன்வரிசை எழுந்தது. அதைப் பார்த்து அடுத்தது. ஐயரும் எழுந்தார். பை பிடித்திருந்தவர் பையோடு விறைத்து நின்றார். காணிக்கை நேரத்தில் இது எதற்கு என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியவர்களும் எழுந்து நின்றுதான் யோசித்தார்கள்.

இரண்டாவது அடி.

கண்ணாடி முழுக்கப் பட்டுச் சேலை. ஓரத்தில் மட்டும் ஒரு பள்ளம்.

லிடியா தங்கியிருக்கும் வீட்டுக்காரி பொன்மணி குனிந்தாள். பொன்மணி குசுகுசுத்தால் சமாதானபுரம் வரைக்கும் கேட்கும்.

“ஏ லிடியாக்கா, எந்திரிங்க. சாரு அல்லேலூயாப் பாட்டுல்லா வாசிக்காவ. முட்டு வலியா?”

“இது அது இல்ல, பொன்மணி.”

மூன்றாவது அடிதான். இடது கை இன்னும் குதிக்கத் தொடங்கவே இல்லை.