கயிறு சுற்றும் பக்கம்

முப்பத்தேழாவது தடவையாக அவள் கொழுந்தன் கயிற்றைச் சக்கரத்தில் சுற்றி இழுத்தான். எஞ்சின் ஒரு தும்மல் தும்மிவிட்டு ஓய்ந்தது. அவன் முழங்கை சுவரில் இடித்தது.

"எஞ்சினை இப்படியா சுவரோரமா ஒட்டி வைப்பாங்க?" என்று முழங்கையைத் தேய்த்துக்கொண்டான்.

இரண்டு கையாலும் அள்ளித் தூக்கிவிடலாம், அவ்வளவு சின்ன எஞ்சின். நட்டு, ஸ்பிரிங், பிளக் மட்டும் கடையில் வாங்கியது. மற்றதெல்லாம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் இந்த ஷெட்டில் அவள் கணவர் கடைந்து எடுத்தது. நாலு வருஷ வேலை. பிஸ்டனை மட்டும் மூன்று தடவை தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகச் செய்தார்.

கடைசி நட்டை முடுக்கிய மறுநாள் பக்கவாதம் வந்தது. வலது பக்கத்தையும் பேச்சையும் ஒரே வாரலாக வாரிக்கொண்டு போய்விட்டது. ஒரு தடவை ஓட்டிப் பார்க்கக்கூட விடவில்லை.

இப்போது ஜன்னலோரம் நாற்காலியில், முழங்கால் மேல் போர்வையோடு அவர். இடது கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டே இருந்தார்.

"இருண்ணே, இருண்ணே. கையைக் கீழ போடு. ஓட்டிக் காட்டாம நான் போறதில்ல."

ஊரில் நின்றுபோன வண்டியெல்லாம் கொழுந்தன் பட்டறையில்தான் வந்து நிற்கும். அவன் கை பட்டால் ஓடாதது கிடையாது என்பார்கள்.

நாலு மாதமாக அவருக்கு எல்லாமே அந்த இடது கைதான். தாகத்துக்கும் அதுதான், வலிக்கும் அதுதான். என்ன வேண்டும் என்பதைக் கண்ணைப் பார்த்துத்தான் அவள் பிடிப்பாள். இன்று அதுவும் பிடிபடவில்லை. தண்ணீர் கொடுத்தாள். வாயை இறுக்கிக்கொண்டார்.

கயிற்றின் நுனி பிரிந்துபோயிருந்தது. கொழுந்தன் அவளுடைய தையல் கத்தரியை எடுத்து நறுக்கப் பார்த்தான். அது கயிற்றை மென்று துப்பியது.

"உங்க வீட்டுல எதுதான் நேரா இருக்கு, அண்ணி? சமையல்கட்டுக் கதவு தப்புப் பக்கம் திறக்குது. கத்தரி இப்படி. இதோட எப்படித்தான் குப்பை கொட்டுறீங்களோ!"

அவள் சிரித்து வைத்தாள். அவன் கேட்ட ஸ்பேனரை எடுத்து, நீட்டும்போது வலது கைக்கு மாற்றி நீட்டினாள்.

மறுபடி இழுத்தான். பெட்ரோலை உள்ளே இழுக்க வேண்டிய வாய் அவன் முகத்திலேயே ஊதியது. கண்ணைத் துடைத்துவிட்டு, புகைக்குழாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டு சக்கரத்தை மெதுவாகச் சுழற்றினான். குழாய் கையை உறிஞ்சியது.

அவன் முகம் மாறிவிட்டது.

"மூச்சே தலைகீழா விடுது, அண்ணி. வால்வைத் திறந்துவிடுற கேமை அண்ணன் திருப்பிச் செதுக்கிட்டாரு." பிறகு குரலைத் தணித்தான். "மூளைக்குள்ள நோவு அப்பவே இருந்திருக்கும்போல."

அவருக்குப் போனது பேச்சுதான். காது போகவில்லை.

அவள் திரும்பிப் பார்க்கவே பயந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து இந்த ஷெட்டுக்குத் தூக்கி வந்தால்தான் அவருக்கு ஒரு வாய் சோறு இறங்கும். இது ஓடாது என்றால், அவர் கையால் கடைசியாகச் செய்தது தப்பு என்று ஆகிவிடும். அப்புறம் எதைக் காட்டிச் சோறு ஊட்டுவது?

"கவலைப்படாதீங்க. கேமைக் கழற்றிட்டுப் போயி புதுசா அரைச்சுப் போட்டுடறேன்." அவன் ஸ்பேனரை நட்டில் மாட்டினான்.

நாற்காலிக் கை தட்தட்டென்று அதிர்ந்தது. அவர் அடித்துக்கொண்டிருந்தார். கையைத் தூக்கினார், அடித்தார், தூக்கினார்.

அவர் பார்வை எஞ்சினிலும் இல்லை, அவள் முகத்திலும் இல்லை. பெட்ரோல் ஊற்றும் புனலைப் பிடித்திருந்த அவள் கையில் இருந்தது.

எஞ்சினுக்கு அவர் கேம் செதுக்கிய மாதம் அவளுக்கு நினைவு வந்தது. வெறும் மரக்கட்டை ஒன்றையும் கயிற்றையும் கொடுத்து, "சும்மா சுத்திக் காட்டு" என்றார். அவள் சுற்றுவதையே பார்த்திருந்துவிட்டு, "முதல் இழுப்பு நீதான்" என்றார். "ஓடலைன்னா பழியை என் தலையில கட்டவா?" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

"தம்பி, கொஞ்சம் தள்ளுங்க."

"நீங்களா? எனக்கே தோள்பட்டை கழண்டுபோச்சு!"

அவள் கயிற்றை உருவிவிட்டுப் புதிதாகச் சுற்றினாள். அவன் சுற்றியதற்கு நேர் எதிர்ப்பக்கமாகப் போனது. அவள் யோசித்துச் செய்யவில்லை. அவள் கைக்கு அப்படித்தான் வரும்.

"அது தப்புப் பக்கம், அண்ணி."

இழுத்தாள். இந்தப் பக்கம் சுவர் இல்லை. கை தாராளமாகப் போனது.

எஞ்சின் இருமியது. இன்னொரு தடவை சுற்றி இழுத்தாள்.

பிடித்துக்கொண்டது.

படபடவென்று ஷெட் முழுக்கச் சத்தம். மேஜை மேலிருந்த ஸ்பேனர்கள் ஒன்றோடொன்று உரசி நடுங்கின. புகைக்குழாயிலிருந்து நீலப் புகை, ஒழுங்காக, வெளியே வந்தது. கொழுந்தன் என்னவோ கத்தினான், ஒன்றும் கேட்கவில்லை.

காலையிலிருந்து தூக்கிக் காட்டிக்கொண்டிருந்த கையை அவர் போர்வை மேல் இறக்கி வைத்தார்.

அவளுடைய இடது கையில் கயிறு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கொழுந்தன் முன்னால் அவள் ஒரு டம்ளரைக்கூட அந்தக் கையால் தூக்கியதில்லை.