கழுதைக்குத் துணை

மார்கழிப் பனியில் குதிரை, ஆடு, கழுதை மூன்றும் தினம் ஏரிக்கரையைச் சுற்றி ஓடும். முதலில் முடிப்பவர் திரும்பிப் போய், கடைசியாக வருபவரோடு சேர்ந்து ஓடி வர வேண்டும், அதுதான் வழக்கம். கடைசி எப்போதும் கழுதைதான்.

ஒருநாள் கழுதைக்குப் பொறுக்கவில்லை. "எனக்கென்ன வழி தெரியாதா? நாளையிலிருந்து யாரும் துணைக்கு வரவேணாம், சாமி!" என்றது.

மறுநாள் வெகுநேரமாகியும் கழுதையைக் காணோம்.

"போய்ப் பார்க்கலாமா?" என்றது குதிரை.

"ஐயோ, கழுதையக்கா வாயில விழணுமா? மெதுவா வரட்டும்," என்று ஆடு சிரித்தது. குதிரையும் சிரித்துவிட்டது.

கரைச்சரிவில் கால் ஒடிந்து கிடந்த கழுதைக்கு அந்தச் சிரிப்பு நன்றாகக் கேட்டது. ஒரு குரல் கொடுத்தால் போதும், ஓடி வந்துவிடுவார்கள். வாயைத் திறந்தது, மூடிக்கொண்டது. வெயில் ஏறி அவை இரண்டும் கிளம்பிப் போகும்வரை, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு கிடந்தது.