நீரோட்ட டாக்டர்

"நீரோட்ட டாக்டர் வூடு இதானுங்களா?"

ஞாயிற்றுக்கிழமை காலை. கேட்டுக்கு வெளியே ஒரு அம்மா. கையில் தட்டு. தட்டில் வெத்தலை பாக்கு, எலுமிச்சம்பழம், நடுவில் குடுமியோடு ஒரு தேங்காய்.

தீனதயாளன் கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரியில் புவியியல் பேராசிரியர். கடல் நீரோட்டங்களும் உலகக் காலநிலையும் என்று ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கிப் பதினோரு வருஷம் ஆகிறது. அதைப் பற்றி விசாரிக்க ஒரு ஈ காக்காய்கூட இதுவரை வீடு தேடி வந்ததில்லை. மனுஷனுக்கு முகமெல்லாம் பல்.

"நான்தாம்மா. உள்ள வாங்க. என்ன விஷயம்?"

"எம் பேரு தைலம்மாளுங்க. சின்னசேலம் பக்கம். நீங்க வந்து எங்க நெலத்துல நீரோட்டம் பாக்கணும். மூணு போர் போட்டாச்சு, மூணுலயும் புழுதிதான். இப்ப ரெண்டு கறவ மாட்டையும் வித்துட்டு நாலாவது போர் போடறேன்னு நிக்கிறாரு எங்க வூட்டுக்காரரு. அந்த மாட்டு பால்லதான் சார் எங்க குடும்பமே ஓடுது."

பல் உள்ளே போய்விட்டது.

"ஏம்மா, கையில தேங்காயை வச்சிக்கினு தண்ணி தேடறாங்களே, அந்த மாதிரி ஆளுன்னு நெனைச்சியா என்னை?"

"நீரோட்டத்துல டாக்டர் பட்டம் வாங்கினவருன்னாங்களே சார்?"

"அது கடல் நீரோட்டம்! கடலுக்குள்ள ஆறு மாதிரி ஓடுமே, அது. சூடா ஓடறது ஒண்ணு, குளிரா ஓடறது ஒண்ணு. உன் போருக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது."

"சரிங்க சார், நீங்க பாக்கக்கூட வேணாம். இப்ப சொன்னீங்களே, அதையே வந்து அவருகிட்ட சொல்லிடுங்க. மாட்டு புரோக்கரு வாசல்ல நின்னுகினு இருக்காரு. கையோட ஆட்டோ கொண்டாந்திருக்கேன்."

தீனதயாளன் யோசித்தார். இந்த ஜனங்களைத் திருத்த யாராவது ஒருத்தர் போய்த்தானே ஆக வேண்டும்! சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வழி நெடுக மூடநம்பிக்கையைப் பற்றி அந்த அம்மாவுக்கு ஒரு வகுப்பே எடுத்தார். அவள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, "ஆமாங்க, ஆமாங்க" என்று கேட்டுக்கொண்டு வந்தாள்.

நிலத்தில் அவள் புருஷன் பூமாலை காத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் புரோக்கர், இரண்டு மாடுகள். பூமாலை துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டார்.

"வாங்க சார். கல்வராயன் மல மேல பேயுது, இங்க ஒரு தூத்தல் இல்ல. தேங்கா வச்சிப் பாத்தவரு கெழக்கு மூலையில நீரோட்டம் கீதுன்னாரு. நீங்க இன்னா சொல்றீங்க?"

"யோவ், நான் தண்ணி பாக்கறவன் இல்ல. காலநிலை படிச்சவன்! ஒரு ஊர்ல மழை உண்டா இல்லையான்னு தேங்காயா சொல்லும்? பூமத்திய ரேகை எவ்ளோ தூரம், கடல் எவ்ளோ தூரம், ஊரு எவ்ளோ உயரம், காத்து எந்தப் பக்கம், பக்கத்துக் கடல்ல எந்த நீரோட்டம், எல்லாத்தையும் பாக்கணும். அப்படிப் பாத்துத்தான் உலகத்தையே ஏ, பி, சி, டி, ஈன்னு பிரிச்சு வச்சிருக்காங்க."

"நம்ம ஊரு எதுலங்க வருது?"

"ஏ."

"ஏவா!" பூமாலைக்கு முகம் மலர்ந்துவிட்டது. "மொத எழுத்தே நம்மளுதா! அப்ப தண்ணி கீது. யோவ், மாட்டை ஓட்டிக்கோய்யா!"

புரோக்கர் கயிற்றைக் கையில் பிடித்தார். தைலம்மாளுக்கு முகம் வெளுத்துப் போனது.

"சார், சார்! குளிரா ஓடறதுன்னு ஒண்ணு சொன்னீங்களே, அது ஓடினா இன்னா ஆவும்? அதைச் சொல்லுங்க சார்!"

கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டாள். இனி தீனதயாளனை யாரால் நிறுத்த முடியும்?

"குளிர் நீரோட்டம் ஓடினா அவ்ளோதான்! காத்து குளிர்ந்து போய் மேல எழும்பாது. மழை வராது. பெருன்னு ஒரு தேசம். அது ஓரமா ஒரு குளிர் நீரோட்டம் ஓடுது. பக்கத்துலயே அவ்ளோ பெரிய கடல், ஆனா கரையெல்லாம் பாலைவனம்! அங்க லாரி நெறையத் தேங்கா கொண்டுபோய் உருட்டினாலும் ஒரு தூறல் விழாது. பாலைவனம்யா, வெறும் பாலைவனம்!"

பூமாலை துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். கிழக்கு மூலையை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார்.

"டாக்டரே பாலைவனம்னுட்டாரு. அப்புறம் இன்னாத்துக்கு போரு?" என்று புரோக்கரிடமிருந்து கயிற்றை வாங்கினார். "நீ போய்யா. மாடு குடுக்கறதா இல்ல."

"ஐயோ, நான் சொன்னது பெருவுலய்யா!"

யார் காதில் வாங்கினார்கள்? மாடுகளை ஓட்டிக்கொண்டு பூமாலை கொட்டகைக்கே போய்விட்டார்.

ஆட்டோவில் ஏறப்போன தீனதயாளன் தைலம்மாளிடம் வெடித்தார்.

"உங்களுக்கெல்லாம் மண்டையில ஏதாவது இருக்காம்மா? நான் வேற ஒரு கண்டத்தைப் பத்தி சொல்றேன். உங்க நெலத்துல தண்ணி இருக்கா இல்லையான்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"தெரியாதுன்னு எனக்குத் தெரியும் சார்." தைலம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எம் பொண்ணு இலக்கியா உங்க கிளாஸ்லதான் படிக்குது. நான் பால் கறக்கறப்ப பக்கத்துல ஒக்காந்து சத்தம் போட்டுப் படிக்கும். அந்தப் பெரு கதை எனக்கே மனப்பாடம்."

தீனதயாளன் ஒரு காலை ஆட்டோவில் வைத்தபடியே நின்றுவிட்டார்.

"தண்ணி இருக்குன்னு சொல்ல ஊருக்கு நாலு பேரு இருக்காங்க சார். இல்லன்னு நான் சொன்னா, பொம்பள பேச்சுன்னுவாரு. பெரிய படிப்பு படிச்சவரு சொன்னாதான் கேப்பாரு. அதுக்காக உங்களைப் பொய் சொல்லச் சொல்ல முடியுங்களா? சார் எதுல ஆரம்பிச்சாலும் பாலைவனத்துலதான் போய் நிப்பாரும்மான்னு பொண்ணு சொல்லிச்சி. அந்த தைரியத்துலதான் கூட்டியாந்தேன்."