பனித்தட்டில் போன காப்பி

"அண்ணே, இடுப்பு விட்டுப் போயிடப் போகுது. ஒரு நாளாவது அந்தப் பனித்தட்டை அதுபாட்டுக்கு விடுங்களேன்" என்றான் பக்கத்து வீட்டு இல்போ.

சூலோ காதில் போட்டுக்கொள்ளவில்லை. கெமி ஆற்றின் கரையில் குனிந்து நின்று, ஓரத்தில் இறுகத் தொடங்கியிருந்த புதுப் பனியைக் கடப்பாரையால் கொத்திக்கொண்டிருந்தார். அறுபத்தாறு வயதுக்கு அது கொஞ்சம் அதிகம்தான்.

ஆறு இன்னும் முழுதாக உறையவில்லை. அது குறுகி வளையும் இந்த இடத்தில், கரைக்குக் கரை ஒரு வட்டப் பனித்தட்டு மட்டும் எதிலும் ஒட்டாமல் சுற்றிக்கொண்டிருந்தது. இருநூறடி அகலம், கையால் வரைந்தாலும் அப்படி ஒரு வட்டம் வராது. சுழல் அதைத் திருகைக் கல்லைப் போல நிதானமாகத் திருப்ப, விளிம்பு கரையை உரசி மெல்ல முனகியது. பதினோரு நாளாகப் பார்த்தும் சூலோவுக்கு அலுக்கவில்லை. பார்க்கப் பார்க்க ஆசையாகத்தான் இருந்தது.

ஆனால் அவர் அதைக் கட்டிக் காத்தது அழகுக்காக மட்டும் இல்லை. இந்தப் பக்கம் கொஞ்சம் கொத்திவிட்டால் தட்டு சுற்றும். சுற்றினால் இங்கே வைத்தது அரைமணியில் எதிர்க்கரைக்குப் போய்விடும். எதிர்க்கரை மஞ்சள் வீட்டில் லெம்பி இருந்தாள்.

முதல் நாள் ஒரு பிளாஸ்க் காப்பியும் ஏலக்காய் ரொட்டியும் வைத்து, 'வீட்டுக்கு வருவாயா?' என்று ஒரு சீட்டும் எழுதி அனுப்பினார். லெம்பி துரட்டிக் கம்பால் பிளாஸ்க்கை இழுத்து எடுத்துக்கொண்டாள். அடுத்த சுற்றில் அது காலியாகத் திரும்பி வந்தது. பதில் இல்லை. மறுநாளும் அப்படியே. காப்பிக்கு எத்தனை கரண்டி தூள் என்பதே அவருக்கு இல்போவின் மனைவி சொல்லித்தான் தெரியும். முதல் இரண்டு நாள் காப்பி வாயில் வைக்க வழங்கியிருக்காது என்று அவருக்கே வெட்கம்.

பாலம் சுற்றி காரில் போனால் ஒரு மணி நேரம், நேரில் கேட்டுவிட வேண்டியதுதானே என்று இல்போ பல தடவை சொல்லிப் பார்த்துவிட்டான்.

"கேட்டு, முடியாதுன்னு சொல்லிட்டா?" என்றார் சூலோ. "இப்போ பிளாஸ்க்காவது வந்து போகுது. தட்டு நின்னா அதுவும் போச்சு."

அன்று சாயங்காலம் குளிர் மைனஸ் முப்பதுக்கும் கீழே இறங்கியது. விடிந்து போய்ப் பார்த்தபோது தட்டு அசையாமல் நின்றிருந்தது. கடப்பாரையை ஓங்கி ஓங்கிப் போட்டும் பனி பிளக்கவில்லை, இடுப்புதான் பிடித்துக்கொண்டது. போட்ட காப்பி கையிலேயே ஆறிப்போனது. எல்லாம் முடிந்தது என்று வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவர் இரண்டு நாள் வெளியே வரவில்லை.

சனிக்கிழமை. சௌனா நீராவிக் குளியலுக்கு விறகு எடுக்கக்கூட மனமில்லாமல் ஜன்னலோரம் இருந்தார். ஆற்றில் டொக் டொக் என்று சத்தம் கேட்டது. கோலால் பனியைத் தட்டித் தட்டிச் சோதித்தபடி, நின்றுபோன தட்டின் நடுவிலேயே லெம்பி நடந்து வந்துகொண்டிருந்தாள். ஒரு கையில் பெட்டி.

கதவைத் திறந்த சூலோ அவள் கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டார். கண் கலங்கிவிட்டது.

"பதில் எதுக்கு எழுதணும், ஆறு உறைஞ்சதும் நடந்தே வந்துடலாம்னு மூணாம் நாளே பெட்டியைக் கட்டிட்டேன்" என்றாள் லெம்பி. "தினமும் நீங்க வெட்டி வெட்டி விட்டா, நான் எப்படி வர்றது?"

உள்ளே வந்தவள், கதவுக்குப் பின்னால் இருந்த ஆணியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அதில் கோட்டை மாட்டினாள். நாற்காலியில் வசதியாக உட்கார்ந்துகொண்டாள்.

"முப்பத்தெட்டு வருஷமா இந்த வீட்டுல காப்பி போட்டது நான். கோவிச்சுக்கிட்டு அக்கா வீட்டுக்குப் போனாத்தான் புருஷன் கையால ஒரு வாய் காப்பி கிடைக்கும்னா, வருஷா வருஷம் போறேன். எழுந்து அடுப்பைப் பத்த வைங்க."